அடிபட்ட முன்னங்காலை எடுத்துடணுமா, இன்னும் காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி: டாக்டர், வண்டில அடிபட்டு கிடந்த ஒரு பெண் நாயை அஞ்சு வாரத்துக்கு முன்னாடி தூக்கிட்டு வந்தோம். ரெண்டு வயசு இருக்கும்னு சொன்னாங்க, 17 கிலோ, சிட்டுன்னு கூப்பிடுறோம். இடது முன்னங்கால் அப்படியே தொங்குது, ஆனா எக்ஸ்ரேல எலும்பு எதுவும் உடையல. இழுத்து இழுத்து நடக்கிறதுல பாதத்தோட மேல்பக்கம் தேய்ஞ்சு புண்ணாயிடுச்சு. முதல்ல பார்த்த டாக்டர் காலை எடுத்துடலாம்னார், ரெண்டாவது டாக்டர் நரம்பு வளரும் ஆறு மாசம் பொறுங்கன்னார். போன வாரத்துலேர்ந்து விரலை கடிக்க ஆரம்பிச்சிருக்கா. காலை வெட்டுறது பாவம்னு அம்மா அழறாங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் பேசாம ஊசி போட்டு தூங்க வச்சிடுங்கன்னே சொல்லிட்டார். சம்பந்தம் இருக்கான்னு தெரியல, இடது கண்ணு கொஞ்சம் சின்னதா தெரியுது. நான் என்ன பண்ணட்டும்? மூணு காலோட இருந்தா யாராவது தத்து எடுப்பாங்களா?

பதில்:

சம்பந்தம் இருக்கான்னு தெரியலன்னு போகிற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அந்தக் கண்ணுதாங்க எனக்கு இந்த லெட்டர்லயே முக்கியமான விஷயம். ரெண்டு டாக்டர்கிட்டயும் அதை சொன்னீங்களான்னு தெரியல, சொல்லலன்னா அடுத்த தடவை முதல் வார்த்தையா அதை சொல்லுங்க.

ஏன்னு சொல்றேன். முன்னங்காலுக்கு போற நரம்பு எல்லாம் கழுத்து முடிஞ்சு மார்பு ஆரம்பிக்கிற இடத்துல தண்டுவடத்துலேர்ந்து வெளிய வந்து, அக்குள்ல ஒண்ணோட ஒண்ணு பின்னி, அங்கிருந்து பிரிஞ்சு காலுக்குள்ள இறங்குது. வண்டி இடிச்சு நாய் தூக்கி எறியப்படும்போது கால் உடம்பை விட்டு வெளிப்பக்கமா வேகமா இழுபட்டா எலும்பு ஒண்ணும் ஆகாம நரம்பு மட்டும் வேரோட பிய்ஞ்சுக்கிட்டு வந்துடும். எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், நரம்பு தெரியாது, அதனாலதான் படம் நல்லா இருக்கு கால் மட்டும் தொங்குதுன்னு நீங்க குழம்பிப் போயிருக்கீங்க. இப்ப கண்ணுக்கு வருவோம். இருட்டுல கண் பாப்பாவை, அதாவது கண்ணு நடுவுல இருக்கிற கருப்பு வட்டத்தை, விரிய வைக்கிற நரம்பு மூளையிலேர்ந்து நேரா கண்ணுக்கு போறதில்ல, தண்டுவடம் வழியா மார்பு வரைக்கும் கீழ இறங்கி, முன்னங்கால் நரம்போட கடைசி வேர் வெளிய வர்ற அதே இடத்துக்கிட்ட வெளிய வந்து, கழுத்து வழியா திரும்ப மேல ஏறித்தான் கண்ணுக்கு போகுது. அதனால அடிபட்ட கால் பக்கத்து கண்ணுல பாப்பா சின்னதாகி, மூக்கோரத்துலேர்ந்து ஒரு வெளிறின சவ்வு பாதி கண்ணை மூடினா மாதிரி வந்து, மேல் இமையும் லேசா தொங்கினா, காயம் அக்குள்ல இல்ல, தண்டுவடத்தை ஒட்டி வேர்லயே இருக்குன்னு அர்த்தம். இதுக்கு ஹார்னர் சிண்ட்ரோம்னு பேர். கண் தானாவே ஒரு தொந்தரவும் தராது, மருந்தும் வேண்டாம். ஆனா நரம்பு எங்க போயிருக்குங்கிறதை ஸ்கேன் இல்லாமலே அது காட்டிக் குடுத்துடும்.

வீட்லயே ஒரு தடவை பாருங்க. சாயங்காலம் லைட்டை குறைச்சுட்டு ஒரு நிமிஷம் கழிச்சு சிட்டுவோட ரெண்டு கண்ணையும் கவனிங்க. வலது பாப்பா நல்லா விரிஞ்சு இடது மட்டும் சின்னதாவே நின்னா நான் சொல்றதுதான் பெரும்பாலும். கண்ணு சிவந்து தண்ணி வடிஞ்சு வெளிச்சத்துக்கு கூசி மூடிக்கிட்டா அது வேற, அடிபட்டதுல கண்ணுக்குள்ளயே காயம் இருக்கலாம், அதுக்கு உடனே காட்டணும்.

ரெண்டாவது டாக்டர் சொன்னதும் பொய் இல்ல. நரம்பு வளரும், நாளைக்கு சுமாரா ஒரு மில்லிமீட்டர், மாசத்துக்கு மூணு சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம். ஆனா யாருக்கு வளரும்? இழுபட்டு உள்ள நசுங்கின நரம்புக்கு, உறை அறுந்து போகாம இருக்கிற நரம்புக்கு. தண்டுவடத்துலேர்ந்து வேரோட பிய்ஞ்சு வந்த நரம்பு தானா திரும்ப போய் ஒட்டிக்காது, அதுக்கு ஆறு மாசம் குடுத்தாலும் ஒண்ணுதான் ஒரு வருஷம் குடுத்தாலும் ஒண்ணுதான். வளர்ற நரம்புக்கே ஒரு கணக்கு இருக்கு பாருங்க, 17 கிலோ நாய்க்கு அக்குள்லேர்ந்து பாதம் வரைக்கும் முப்பது நாப்பது சென்டிமீட்டர் தூரம், அவ்வளவு தூரம் நரம்பு போய் சேர வருஷம் ஆயிடும், அதுக்குள்ள வேலை இல்லாம கிடந்த தசை சுருங்கி நாரா மாறிட்டிருக்கும். அதனால வளருதா இல்லையான்னு பாதத்தை பார்த்துக்கிட்டு உக்கார்றதுல பிரயோஜனம் இல்ல, முழங்கையை பாருங்க. முழங்கையை நீட்டி நிறுத்துற தசைதான் நரம்பு முதல்ல போய் சேர்ற இடத்துல இருக்கு. நசுங்கினதுன்னா சில வாரத்துலயே அங்க ஏதாவது அசைவு தெரிய ஆரம்பிக்கணும். அஞ்சு வாரம் முடிஞ்சும் முழங்கை மடிஞ்சு தொங்குதுன்னா எனக்கு நம்பிக்கை குறையுது.

அப்ப முடிவு எதை வச்சு எடுக்கிறது? ஆழ்ந்த வலி உணர்வு டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை, மெஷின் எதுவும் வேண்டாம். டாக்டர் கிளாம்ப் வச்சு விரல் எலும்பை அழுத்துவார். இதுல நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, அழுத்தினதும் நாய் காலை வெடுக்குனு இழுத்துக்கிச்சுன்னா உணர்வு இருக்குன்னு சந்தோஷப்பட்டுடறாங்க. கால் இழுக்கிறது தண்டுவடத்தோட அனிச்சை வேலை, மூளைக்கு தெரியணும்னு அவசியமே இல்ல. நாய் திரும்பி பார்க்கணும், இல்ல கத்தணும், கடிக்க வரணும், குறைஞ்சது மூச்சு வாங்கி கண்ணு விரியணும், வலி மூளைக்கு போச்சுன்னு அப்பதான் சொல்ல முடியும். இன்னொண்ணு, ஒரே ஒரு விரலை அழுத்திட்டு விட்டா பத்தாது. பாதத்தோட மேல்பக்கத்துக்கு ஒரு நரம்பு, வெளிப்பக்க விரலுக்கு ஒண்ணு, உள்பக்கத்துக்கு வேற ஒண்ணுன்னு பிரிஞ்சு போகுது, ஒவ்வொரு இடமா பார்க்கணும். எல்லா விரலையும் தனித்தனியா பாருங்கன்னு கேளுங்க, கேட்கிறதுல தப்பே இல்ல. முதுகுத் தோலை ரெண்டு பக்கமும் லேசா கிள்ளி தோல் சிலிர்க்குதான்னும் பார்க்கச் சொல்லுங்க, எந்தப் பக்கம் கிள்ளினாலும் இடது பக்கம் மட்டும் சிலிர்க்கலன்னா வேர்ல பிய்ஞ்சதுக்கு இன்னொரு சாட்சி. நீங்க வீட்ல விரலை அழுத்தி பார்க்காதீங்க, உணர்வு இருந்தா அவ கடிப்பா, இல்லன்னா உங்களுக்குத்தான் மனசு உடையும்.

இதையெல்லாம் வச்சு என் கணக்கு இது. பாதத்துல எந்த விரல்லயும் ஆழ்ந்த உணர்வு இல்ல, முழங்கை நீட்ட முடியல, கண்ணும் சின்னதா இருக்கு, அஞ்சு வாரத்துல துளி முன்னேற்றம் இல்ல, இது எல்லாம் சேர்ந்து வந்தா காலை எடுத்துடுங்க. ஆறு மாசம் காத்திருக்கிறது அவளுக்கு ஆறு மாச புண்ணு, அவ்வளவுதான். அப்படி இல்லாம விரல்ல உணர்வு இருக்கு, முழங்கையை நீட்டி நிறுத்துறா, மணிக்கட்டு மட்டும் மடங்குதுன்னா கதையே வேற, அப்ப காலை எடுக்க அவசரப்படுறவங்ககிட்டேர்ந்து சிட்டுவை கொண்டு போயிடுங்க. முழங்கை நிக்கிற கால் உபயோகமான கால். மணிக்கட்டுக்கு பிரேஸ் போட்டு பார்க்கலாம், பத்தலன்னா மணிக்கட்டு மூட்டை பிளேட் வச்சு நேரா நிரந்தரமா ஒட்ட வைக்கிற ஆபரேஷன் இருக்கு, நாய் அந்தக் கால்ல ஊனி நடக்கும். முழங்கை நிக்காத கால்ல மணிக்கட்டை எவ்வளவு நல்லா ஒட்ட வச்சாலும் வேஸ்ட்டு, எடை தாங்காது.

நடுவுல விழுற கேஸும் உண்டு. ஒரு விரல்ல உணர்வு இருக்கு, ஒண்ணுல இல்ல, முழங்கை கொஞ்சம் அசையுற மாதிரி இருக்கு, வீட்ல ஒருத்தர் அசையுதுங்கிறார், இன்னொருத்தர் இல்லங்கிறார். அப்ப காத்திருக்கலாம், ஆனா எதுவரைக்கும்னு முதல்லயே பேசிக்கிட்டு காத்திருங்க. மாசம் ஒரு தடவை அதே டாக்டர்கிட்ட அதே டெஸ்ட், ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்துல ஒரே பக்கத்துலேர்ந்து நடக்கிற வீடியோ எடுத்து வைங்க, ஞாபகத்தை நம்பாதீங்க, தினம் பார்க்கிற கண்ணு ஆசைப்படுறதைத்தான் பார்க்கும். காத்திருக்கிற நாள்ல பாதத்துக்கு பூட்ஸ் மாதிரி உறை, அது வெளிய போகும்போது மட்டும், உள்ள ஈரம் தங்கினா புண்ணு அழுகும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை ஒவ்வொரு மூட்டையும் மெதுவா மடக்கி நீட்டணும், இல்லன்னா மணிக்கட்டு மடங்கின நிலையிலயே இறுகிடும், அப்புறம் நரம்பு வந்தும் உபயோகம் இல்ல. நரம்பு வேலை செய்யுதான்னு மின்சாரத்தால பார்க்கிற இஎம்ஜின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, மயக்கம் குடுத்து பண்ணுவாங்க, உங்களுக்கு எட்டுற இடத்துல இருந்தா இந்த நடுக் கேஸுக்கு அது நல்லா உதவும். தெளிவா தெரியுற கேஸுக்கு அதுல பணத்தை கொட்ட வேண்டாம்.

இப்ப விரல் கடிக்கிற விஷயம். உங்க லெட்டர்ல என்னை பயமுறுத்துறது இதுதான். உணர்வு இல்லாத கால்னா வலி இருக்காதுன்னு நினைப்போம், பிய்ஞ்ச நரம்பு ஊசி குத்துற மாதிரி எரியுற மாதிரி எதையாவது அனுப்பிக்கிட்டே இருக்கும், நாய்க்கு அது விரல்ல இருந்து வர்ற மாதிரி தெரியும், கடிச்சு துப்பிடலாம்னு பார்க்கும். கடிக்கிறது வலிக்காதுங்கிறதால நிறுத்தவும் தோணாது. ஒரே ராத்திரியில விரல் எலும்பு வெளிய தெரியுற அளவுக்கு மென்னுட்டு காலைல வாலை ஆட்டிக்கிட்டு வர்ற நாயை எல்லாம் எங்க பக்கம் பார்க்கிறோம். அதனால இதைப் படிச்சு முடிச்ச உடனே காலை வாய் எட்டாம தடுக்கிற கோன், அந்த பிளாஸ்டிக் கூம்பு, அதை கழுத்துல மாட்டுங்க, நீங்க பக்கத்துல இருக்கும்போதும் கழட்ட வேண்டாம். மூக்கு நுனியைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கிற சைஸ் வாங்குங்க, சின்ன கோனை வளைச்சு எப்படியோ காலை எட்டிடுவாங்க இவங்க. நரம்பு வலிக்கு கபாபென்டின் மாதிரி மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்ல இருக்கிற மனுஷங்க வலி மாத்திரையை உடைச்சு குடுக்காதீங்க, ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு வயித்துல புண்ணாக்கி கிட்னியையும் கெடுக்கும். கடிக்கிறதும் நிக்கல, புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னா மேல நான் சொன்ன காத்திருக்கிற கணக்கு எல்லாம் அங்கயே முடிஞ்சுது.

இந்த இடத்துல மத்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை, ஏன்னா நாய் கால்னு வர்ற கேள்வி எல்லாமே நரம்பு கேள்வி இல்ல. எலும்பு உடைஞ்சிருக்கு, உணர்வு நல்லா இருக்கு, ரத்த ஓட்டம் இருக்குன்னா அது பெரும்பாலும் காப்பாத்துற கால்தான். தோல் முழுக்க உரிஞ்சு சதை தெரியுற காயம் பார்க்க பயங்கரமா இருக்கும், ஆனா பொறுமையா கட்டு மாத்தி மாத்தி வந்தா ஆச்சரியமா மூடிக்கும், வாரக்கணக்கு மாசக்கணக்கு ஆகும் அவ்வளவுதான். இந்தக் கால்களை எல்லாம் தெருவுலேர்ந்து மீட்ட நாய்ங்கிற ஒரே காரணத்துக்காக சட்டுனு எடுத்துடறாங்க, பின்னாடி கட்டு மாத்த ஆள் இல்ல, இடம் இல்ல, காசு இல்ல. அதை நான் குறை சொல்லல, நாளைக்கு கட்டு மாத்த யாரும் வரமாட்டாங்கன்னா இன்னைக்கு எடுக்கிறதுதான் அந்த நாய்க்கு நல்லது. ஆனா காரணம் காசுன்னா காசுன்னு சொல்லணும், கால் தேறாதுன்னு சொல்லக் கூடாது. உங்களுக்கும் அதேதான், எத்தனை மாசம் தொடர்ந்து அலைய முடியும்னு உங்க வீட்டு நிலைமையை டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லுங்க, அதுவும் முடிவோட ஒரு பகுதி, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

சரி, எடுக்கிறதுன்னு முடிவாச்சுன்னு வைங்க. நாய்க்கு மூணு கால் போதும், நாலாவது ஸ்டெப்னின்னு எங்க தொழில்ல ஒரு ஜோக் ஓடிக்கிட்டே இருக்கு, எனக்கு அது பிடிக்காது. நாய் நிக்கும்போது உடம்பு எடையில 60 சதவீதம் முன்னங்கால் ரெண்டுலயும், 40 சதவீதம் பின்னங்கால் ரெண்டுலயும் இருக்கு. அப்ப ஒரு முன்னங்கால் போறது பின்னங்கால் போறதை விட பெரிய விஷயம், மீதி இருக்கிற முன்னங்கால் மணிக்கட்டும் தோளும் ஆயுசு முழுக்க கூடுதலா சுமக்கணும். சமாளிப்பாங்க, நல்லாவே சமாளிப்பாங்க, 17 கிலோ ரெண்டு வயசுங்கிறது இதுக்கு ரொம்ப தோதான உடம்பு. ஆனா மீதி மூணும் நல்லா இருந்தாத்தான். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த மூணு காலையும் டாக்டர் பிடிச்சு மடக்கி பார்க்கணும், இடுப்பு எக்ஸ்ரே ஒண்ணு எடுக்கணும், அடிபட்ட நாய்க்கு இடுப்புல பழைய விரிசல் ஒளிஞ்சிருக்கலாம். இடது பின்னங்கால் கொஞ்சம் தள்ளாடுதான்னு தனியா கேளுங்க, வேர் பிய்ஞ்சப்ப தண்டுவடமும் இழுபட்டிருந்தா அதே பக்கத்து பின்னங்காலும் பலவீனமா இருக்கும், அப்ப யோசிக்க வேண்டியது இன்னும் இருக்கு. ரத்த டெஸ்ட்ல பிளேட்லெட் எவ்வளவுன்னு பார்த்துக்கணும், தெருவுல இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள்ள இருந்து பிளேட்லெட் குறைஞ்சிருந்தா ஆபரேஷன்ல ரத்தம் நிக்காது, முதல்ல அதுக்கு மருந்து, அப்புறம்தான் கால்.

எந்த இடத்துல எடுப்பாங்கன்னு தெரிஞ்சா நிறைய பேருக்கு அதிர்ச்சியா இருக்கு. மணிக்கட்டுகிட்ட புண்ணு இருக்கு, அதுக்கு மேல எடுத்தா போதாதான்னு கேப்பாங்க. போதாது. பாதிக் கால் மிச்சம் வச்சா நாய் அதை தரையில ஊனப் பார்க்கும், ஊனி ஊனி முனை புண்ணாகும், மறுபடி ஆபரேஷன். அதனால முன்னங்கால்னா பெரும்பாலும் தோள்பட்டை எலும்போட சேர்த்தே எடுத்துடுவாங்க, அப்பத்தான் அந்த இடம் தட்டையா சுத்தமா ஆறும், முடி வளர்ந்ததும் தூரத்துலேர்ந்து பார்த்தா தெரியக்கூட தெரியாது. செயற்கைக் கால் பத்தி யாராவது சொல்லியிருந்தா, அது மாட்ட ஒரு நீளமான மிச்சம் வேணும், உணர்வும் தசையும் வேலை செய்யணும், சிட்டு மாதிரி நரம்பே போன காலுக்கு அது ஒத்து வராது. மத்த காரணத்துக்கு கால் எடுக்கிறவங்க அந்த ஆசை இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடணும், எடுத்த பிறகு கேட்டா வழி இல்ல. ஆபரேஷன்ல நரம்பை வெட்டுறதுக்கு முன்னாடி அந்த நரம்புல மரத்துப் போற மருந்து போடுவீங்களான்னு ஒரு கேள்வி கேளுங்க. போட்டா பின்னாடி வலி நல்லா குறையும், நல்ல சர்ஜன்னா நீங்க கேட்டதுக்கு கோபப்பட மாட்டார்.

முதல் ரெண்டு வாரம் பத்தி இனிப்பா சொல்லி அனுப்பிட்டா வீட்டுக்கு போய் நீங்க பயந்துடுவீங்க, அதனால உள்ளதைச் சொல்றேன். பெரும்பாலான நாய் மறுநாளே எழுந்து நிக்கும், தத்தி தத்தி நடக்கும், அது உண்மை. ஆனா தையல் போட்ட இடம் நீளமா, மொட்டையடிச்சு, கருநீலமா ரத்தம் கட்டியிருக்கும், நெஞ்சுக்கு கீழ தண்ணி கோத்து பை மாதிரி தொங்கலாம், முதல் ஒண்ணு ரெண்டு ராத்திரி வலி மருந்து மயக்கத்துல காரணமே இல்லாம முனகிக்கிட்டு இருப்பா, மூணு நாள் வரைக்கும் மலம் போகாம இருக்கலாம். அந்த ராத்திரியில நாம தப்பு பண்ணிட்டோமேன்னு உங்க வீட்ல எல்லாருக்கும் தோணும், அந்த நேரத்துல எந்த முடிவும் பேசாதீங்க, பேசாம போய் படுங்க. கவலைப்பட வேண்டியது வேற: தையல் பிரிஞ்சு திறக்கிறது, சீழ் நாத்தம், நிக்காம சொட்டுற ரத்தம், முழு நாள் தண்ணியே தொடாம இருக்கிறது, இதுல எது வந்தாலும் போன் பண்ணிடுங்க. வலி மாத்திரையை நல்லா இருக்காளேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. தையல் பிரிக்க பத்துலேர்ந்து பதினாலு நாள், அதுவரைக்கும் கோன் கழட்டக்கூடாது, குளிப்பாட்டக் கூடாது.

வீட்டுத் தரைதான் அடுத்த வில்லன். வழுக்குற தரையில மூணு கால் நாய் ஒரு தடவை சறுக்கி நெஞ்சு அடிபட விழுந்துட்டா அப்புறம் நடக்கவே தயங்கும், ஆபரேஷனுக்கு முன்னாடியே அவ படுக்கிற இடத்துலேர்ந்து சாப்பிடுற இடம், வெளிய போற கதவு வரைக்கும் நழுவாத மேட் போட்டுடுங்க. சாப்பாட்டு தட்டையும் தண்ணியையும் நெஞ்சு உயரத்துக்கு ஏத்தி வைங்க, முன்னங்கால் ஒண்ணு இல்லாத நாய்க்கு குனியும்போதுதான் பேலன்ஸ் போகும். ஏறுறது அவளுக்கு சுலபம், இறங்குறதுதான் கஷ்டம், படி இறங்கும்போது நெஞ்சுக்கு கீழ ஒரு துண்டு குடுத்து தாங்கிக்கோங்க. பாவம்னு எப்பவும் தூக்கிக்கிட்டே திரியாதீங்க, அஞ்சு நிமிஷ நடை ஒரு நாளைக்கு நாலு தடவைன்னு ஆரம்பிச்சா அவளே கத்துக்குவா. நகத்தை ஒழுங்கா வெட்டி விடுங்க. கழுத்துப் பட்டையில இழுக்காம உடம்புல மாட்டுற ஹார்னஸ் வாங்குங்க. எடையை மட்டும் ஏற விடவே கூடாது, விலா எலும்பு பார்த்தா தெரியக் கூடாது, ஆனா தடவினா விரலுக்கு தட்டுப்படணும், ஆயுசு முழுக்க அப்படியே வைங்க. மூணு கால் நாய்க்கு பின்னாடி வர்ற பிரச்சனையில நிறைய, பாசத்துல போட்ட சாப்பாட்டால வர்றதுதான், இதை அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொன்னா கோபப்படுவாங்க.

அம்மா அழறதை பத்தி எழுதியிருந்தீங்க. அவங்ககிட்ட வாதாடாதீங்க, ஒரு வேலை குடுங்க. அரை மணி நேரம் சிட்டுவை மட்டும் உக்காந்து பார்க்கச் சொல்லுங்க. அவ எந்திரிக்கும்போது அந்தக் காலை ஒரு தடவையாவது உபயோகப்படுத்துறாளா, திரும்பும்போது அது எங்கயாவது மாட்டுதா, எத்தனை தடவை நக்கப் போறான்னு. அஞ்சு வாரமா அவ மூணு கால்லதாங்க நடந்துக்கிட்டு இருக்கா, கூட ஒரு பாரத்தை இழுத்துக்கிட்டு. டெஸ்ட் ரிசல்ட் மோசமா வந்தா நாம எடுக்கிறது அந்த பாரத்தை, நடையை இல்ல. கால் போனா தன்னைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு நாய் கவலைப்படுறதில்ல, அந்தக் கவலை நம்மளோடது, நமக்கு அது இருக்கிறது தப்பும் இல்ல, ஆனா அதுக்காக அவ புண்ணோட இருக்கக் கூடாது. கால் எடுத்த நாய்களோட வீட்டுக்காரங்களை கேட்டா பெரும்பாலானவங்க திரும்ப இதே நிலைமை வந்தாலும் இதையேதான் பண்ணுவோம்னுதான் சொல்றாங்க, எங்ககிட்டயும் நிறைய பேர் இன்னும் முன்னாடியே பண்ணியிருக்கலாமோன்னுதான் கேக்குறாங்க.

ஊசி போட்டுடுங்கன்னு சொன்னவருக்கு பதில் சொல்லவே வேண்டாம். சாப்பிடுறா, நடக்குறா, விளையாடுறா, ஒரே ஒரு கால் மட்டும் செத்துப் போயிருக்கு, ரெண்டு வயசு. இதுல அந்தப் பேச்சுக்கே இடம் இல்ல.

தத்து எடுப்பாங்களான்னு கேட்டீங்க. எடுப்பாங்க. என் அனுபவத்துல தொங்குற காலோட, புண்ணோட, கோனோட இருக்கிற நாயை எடுக்கத்தான் ஆள் தயங்குறாங்க, ஏன்னா அவங்களுக்கு அது இன்னும் முடிவுக்கு வராத ஒரு சிகிச்சை மாதிரி தெரியுது, என்ன செலவு வருமோன்னு பயம். காயம் ஆறி முடி வளர்ந்து மூணு கால்ல ஓடுற நாய்க்கு கேக்குறவங்க உண்டு. போட்டோவை விட ஓடுற வீடியோ போடுங்க, பாவமான நாய்னு எழுதாதீங்க, அப்படி எழுதினா பாவம் பார்க்கிறவங்கதான் வருவாங்க, ரெண்டு மாசத்துல திருப்பி கொண்டு வந்து விட்டுடுவாங்க. படி நிறைய இருக்கிற வீடு, இடிச்சு தள்ளி விளையாடுற பெரிய நாய் இருக்கிற வீடு வேண்டாம். கருத்தடை பண்ணலன்னா அதே மயக்கத்துல சேர்த்து பண்ண முடியுமான்னு சர்ஜன்கிட்ட கேளுங்க, நீளமான ஆபரேஷன்ங்கிறதால சிலர் தனியா பண்ணலாம்பாங்க, அவர் சொல்றபடி விட்டுடுங்க.

இந்த வாரத்துக்குள்ள டெஸ்டை எடுத்துட்டு ஒவ்வொரு விரலுக்கும் என்ன வந்ததுன்னு, முழங்கை நிக்குதான்னு, கண்ணு என்னாச்சுன்னு எனக்கு எழுதுங்க, நடக்கிற வீடியோ இருந்தா அதையும் அனுப்புங்க. கோனை மட்டும் அதுவரைக்கும் தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே.